அரசாங்க வேலையை விடலாமா?
(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தொழில் வழிகாட்டல் பற்றிப் பேசும்படி சங்கம் கேட்டது. இளைய பழைய மாணவிகள் அண்மைக்காலத்தில் எம்மிடம் அதிகம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "அக்கா, அரசாங்க வேலையை விட்டுத் தனியாருக்குப் போகலாமோ?" பொதுவாகப் புத்தி சொல்வதைவிட, அந்தக் கேள்வி எங்கள் வீட்டுக்குள் வந்தபோது நாங்கள் என்ன செய்தோம் என்று சொல்கிறோம்.

எங்கள் இருவரில் ஒருவர் அரச வைத்தியசாலையில் வைத்தியர். மற்றவர் அரச திணைக்களம் ஒன்றில் 17 வருடம் பொறியியலாளராக இருந்தவர். 2023இல் கொழும்பிலுள்ள கட்டுமான நிறுவனமொன்று அவரை அழைத்தது. சம்பளம் ஏறத்தாழ இரண்டரை மடங்கு.

மாமிக்குச் சொன்னோம். "தம்பி, கோழி மேய்ச்சாலும் கோறணமேந்திலை மேய்க்கவேணும் எண்டு சும்மாவே சொன்னவை?" என்று கேட்டார். எங்களால் சிரிக்க முடியவில்லை. 1995 ஐப்பசி இறுதியில் யாழ்ப்பாணம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது நாங்கள் சாதாரண தர வகுப்பு மாணவிகள். தென்மராட்சியில் ஒரே வீட்டில் மூன்று குடும்பங்கள் இருந்தோம். அந்த வீட்டில் தவறாமல் வந்த காசு ஒருவருடைய அரச சம்பளமும் இன்னொருவருடைய ஓய்வூதியமும்தான். எங்கள் பெற்றோர் அரச வேலையை நம்பியதற்குக் காரணம் கௌரவம் மட்டுமல்ல. அது அவர்கள் கண்ணால் கண்ட பாதுகாப்பு.

ஆனால் 2022இல் அந்தப் பாதுகாப்பே ஆட்டம் கண்டது. மாசி மாதத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், வைகாசியில் 350 ரூபாவைத் தாண்டியது. சம்பளம் அதே திகதியில் வந்தது. அதனால் வாங்கக்கூடிய பொருள்தான் குறைந்தது. அரச கட்டுமான வேலைகள் பல பணமின்றி நின்றன. எங்கள் வீட்டுப் பொறியியலாளர் மதிப்பீடு தயாரிப்பார். அது கோப்பிலேயே கிடக்கும். "வேலை இருக்கு, செய்யிறதுக்கு வேலை இல்லை" என்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளின் கணக்குக் கொப்பியில் நடுவே கோடு கீறி, இரு பக்கமும் எழுதினோம். அரசின் பக்கம்: ஆயுள் முழுவதும் ஓய்வூதியம், அவருக்குப் பின் குடும்பத்துக்கு விதவைகள் அநாதைகள் ஓய்வூதியம், புகையிரத ஆணைச்சீட்டு, விடுமுறை, சேவை மூப்பு. தனியாரின் பக்கம்: சம்பளம், ஊழியர் சேமலாப நிதி, ஊழியர் நம்பிக்கை நிதியம், பணிக்கொடை. சேமலாப நிதிக்கு ஊழியர் நூற்றுக்கு 8, முதலாளி 12. நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி 3. ஒரு இலட்சம் ரூபா சம்பளமென்றால் மாதம் 23,000 ரூபா சேரும். ஐந்து வருடம் நிறைந்தால் வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் வீதம் பணிக்கொடை உண்டு. 2023 தையிலிருந்து வருமான வரி உச்ச வீதம் நூற்றுக்கு 36 ஆகியிருந்ததால், கடிதத்திலுள்ள தொகையை எழுதாமல் கையில் வரும் தொகையையே எழுதினோம். இரண்டரை மடங்கு இரண்டு மடங்குக்கும் கீழே வந்தது.

எழுதும்போதுதான் சில விடயங்கள் தெளிவாகின. சேவை மூப்பு வாசலோடு நின்றுவிடும். பட்டயப் பொறியியலாளர் என்ற தகைமை கூடவே வரும். இராஜினாமாக் கடிதம் கொடுப்பதும் ஓய்வுபெற்றுப் போவதும் ஒன்றல்ல. முன்னையதில் ஓய்வூதிய உரிமை போய்விடும். தனியார் நிறுவனம் என்றாலும் அதன் வேலைகளிற் பெரும்பகுதி அரச ஒப்பந்தங்களே. ஆகவே அரசிடம் பணமில்லாத காலத்தில் அங்கும் சம்பளம் பிந்தலாம்.

கொப்பியில் எழுதாத ஒன்றில்தான் எங்களுக்குள் மனத்தாங்கல் வந்தது. "எல்லோரும் கொழும்புக்குப் போவோம்" என்ற பேச்சு எழுந்தது. அப்படியானால் எமது வைத்தியசாலை வேலை? "உங்களுக்கு எங்கேயும் வேலை கிடைக்கும்தானே" என்று உறவினர் இலகுவாகச் சொன்னார்கள். சக வைத்தியர்கள் பலர் நாட்டை விட்டுப் போய்விட்ட நேரம் அது. எங்கள் கிளினிக்குக்கு இரண்டு பஸ் மாறி வரும் அம்மாமார் இருக்கிறார்கள். பொறியியலாளர் போவதா என்பதுதான் கேள்வி. ஆனால் வைத்தியரின் வேலை எப்படி முதலில் கணக்கிலிருந்து வெட்டப்பட்டது? மூன்று நாள் சரியாகக் கதைக்கவில்லை. பிறகு அவரே கொப்பியை எடுத்து, "உம்முடைய வேலையையும் ஓய்வூதியத்தையும் நாங்கள் எழுதவேயில்லை" என்றார். எழுதினோம். அதன்பின் கணக்கு மாறியது: ஒருவரின் ஓய்வூதியம் வீட்டில் இருக்கும்வரை, மற்றவர் துணியலாம்.

ஆறு மாதச் செலவுக்கான பணத்தை நிலையான வைப்பில் இட்டோம். 2024 தையில் அவர் விலகினார். நாங்கள் யாழ்ப்பாணத்தில் இருந்தோம்.

லாபநட்டம் இரண்டையும் சொல்லவேண்டும். முதல் வருடத்திலேயே ஒருமுறை சம்பளம் இரண்டு மாதம் பிந்தியது. அந்த வைப்புப் பணம்தான் காப்பாற்றியது. வெள்ளி இரவு பஸ் ஏறி சனி காலை வருகிறார். ஞாயிறு இரவு போகிறார். "அப்பா இல்லாமல் எனக்கு ஆர் கணக்குச் சொல்லித்தாறது?" என்று மகள் கேட்டதற்கு இன்னும் நல்ல பதில் எங்களிடம் இல்லை. ஆனால் தான் வரைந்த பாலத்தின் தூண்கள் எழும்புவதைக் கைத்தொலைபேசியில் படமெடுத்து அனுப்புகிறார். மாமிதான் அந்தப் படங்களைப் பக்கத்து வீட்டுக்கும் காட்டுகிறவர்.

சகோதரிகளே, போகவேண்டுமா இருக்கவேண்டுமா என்று நாம் சொல்ல வரவில்லை. கோபத்தில் இராஜினாமாக் கடிதம் எழுதாதீர்கள். உங்கள் ஓய்வூதிய நிலை என்ன என்று நிர்வாகக் கிளையில் எழுத்தில் கேளுங்கள். கையில் வரும் பணத்தை மட்டும் ஒப்பிடுங்கள். வீட்டில் எந்த முடிவு எடுத்தாலும், உங்கள் வேலையையும் கொப்பியில் எழுதுங்கள். இலவசக் கல்வியில் படித்துவிட்டு வெளியே போனவர்களை நன்றி கெட்டவர்கள் என்றும், உள்ளே இருப்பவர்களைத் துணிவில்லாதவர்கள் என்றும் சொல்லாதிருப்போம். இரண்டு பக்கமும் எங்கள் கல்லூரிப் பிள்ளைகளே.

சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். அரசில் இருப்பவர்கள், விலகியவர்கள், திரும்பி வந்தவர்கள் என மூன்று பட்டியல்கள் எங்களிடம் இருக்கட்டும். இந்தக் கேள்வியோடு இரவில் நித்திரையின்றி இருக்கும் ஒரு தங்கை, காலையில் அழைத்துக் கேட்க ஒரு அக்காவின் இலக்கம் அவளிடம் இருக்கவேண்டும். முதற் பட்டியலிலும் இரண்டாம் பட்டியலிலும் எங்கள் வீட்டு இலக்கத்தை எழுதிக்கொள்ளுங்கள்.