ஆட்டத்துக்கு ஆள் வேண்டும்

வாளையார், கம்பம்மெட்டு என்று கேரள எல்லைச் சாவடிகளின் பெயரைச் சொன்னாலே கஞ்சா வழக்குதான் நினைவுக்கு வருகிறது. பிடிபடுகிறவர்களில் மீசை அரும்பாத பையன்களும் உண்டு.

பையன்கள் வழிதவறும் கவலை பழசுதான். 1841-இல் இத்தாலியின் தூரின் நகரச் சிறையில் சிறுவர்களைக் கண்டு நொந்துபோனார் தொன் போஸ்கோ என்ற பாதிரியார். சின்ன வயதில் கயிற்றின்மேல் நடந்து கூட்டம் சேர்த்தவர் அவர். வெறும் பிரசங்கத்துக்குப் பையன்கள் வரமாட்டார்கள் என்பது தெரியாதா? விளையாட்டு, பாட்டு, நாடகம் என்று இழுத்துவிட்டார்.

அதே யோசனைதான் 2025-இல் கேரளப் பள்ளிகளிலும்: போதை ஒழிப்புக்காக ஜூம்பா என்ற நடன உடற்பயிற்சி வந்தது. கூடவே எதிர்ப்பும் வந்தது! அதற்கு முன்பே, அதே ஆண்டு ஜனவரியில், திருவனந்தபுரத்தில் நடந்த மாநிலப் பள்ளிக் கலைவிழாவில் இருளர், பளியர் பழங்குடி நடனங்களும் மலைப்புலையர் ஆட்டமும் முதன்முறையாகப் போட்டியில் சேர்ந்தன. அட்டப்பாடியும் இடுக்கி மலைகளும் அறிந்த ஆட்டங்கள். கிறிஸ்தவர்களின் மார்க்கம்களியும் சவிட்டுநாடகமும் அதே விழாவில் உண்டு. சவிட்டுநாடகப் பாட்டில் தமிழ் நிறையவே கலந்திருக்கும்.

எல்லையோரத் தேவாலய இளைஞர் குழுக்களுக்கு ஜூம்பாவைவிட இந்த ஆட்டங்கள்தான் பொருந்தும் என்பேன். வரிசை ஆட்டத்தில் ஒருவன் சாயங்காலப் பயிற்சிக்கு வராவிட்டால் அடவு கெடும். மற்றவர்கள் வீடு தேடிப் போய் அழைத்து வருவார்கள். கஞ்சாவுக்கு ஆள் பிடிக்கிறவன் வருவதும் அதே சாயங்கால வேளையில்தான்.