தொழுவத்தைக் காப்போம்
(மன்றத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நாம் பிழைக்க வந்தது நகரத்துக்கு. நாம் அனுப்பும் காசில் வாங்கிய மாடு நிற்பதோ ஊரில். 2022-இல் தோல் கழலை நோய் வந்து நாடெங்கும் லட்சத்துக்கு மேல் மாடுகள் மாண்டன. ஈயும் கொசுவும் உண்ணியும் பரப்பிய நோய் அது.

தடுக்க முடியாததா? வெக்கை நோயை எண்ணிப் பாருங்கள்! நம் பாட்டன் தொழுவத்தைத் துடைத்தெடுத்த நோய். 1954-இல் தொடங்கி ஊர் ஊராக ஊசி போட்டார்கள். 1995-க்குப் பின் இந்தியாவில் அது இல்லை. 2011-இல் உலகிலேயே ஒழிந்தது என அறிவித்தார்கள். மந்திரித்த கயிறா ஒழித்தது? ஊசிதான்!

கோமாரிக்கு 2019 முதல் மத்திய அரசின் செலவிலேயே ஊசி போடுகிறார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடச் சொல்லி வீட்டுக்கு எழுதுங்கள்.

நோய் கண்ட மாட்டை மறைத்துச் சந்தையில் தள்ளுகிறார்களே என்று அதிகாரிகள் ஏசுகிறார்கள். கடன்பட்டவன் வேறென்ன செய்வான்? மகாராஷ்டிர அரசு 2022-இல் செத்த கறவைப் பசுவுக்கு 30,000 ரூபாய் வரை கொடுத்தது. இழப்பீடு உண்டென்றால் ஏழை ஏன் மறைக்கிறான்? எல்லா மாநிலத்திலும் அதைச் சட்டமாக்கு என்று கேட்கிறோம். மனுவில் கையெழுத்திட்டுச் செல்லுங்கள்.