பட்டாளத்துக்காரருக்கு மாலை மட்டும் போதுமா?

(நெய்வேலி டவுன்ஷிப்பில் கொடிநாளையொட்டி நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று டிசம்பர் 7, கொடிநாள். 1949ம் ஆண்டிலிருந்து இந்த நாளில் முன்னாள் ராணுவத்தினருக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் நாடெங்கும் நிதி திரட்டுகிறார்கள். நாமும் உண்டியலில் காசு போட்டோம். சட்டையில் கொடி குத்திக்கொண்டோம். நல்ல காரியம்தான். ஆனால் ஒரு கேள்வி. நாம் போட்ட காசு யாருக்காக? அந்த மனிதர் எங்கே இருக்கிறார்?

அவர் எங்கோ டில்லியில் இல்லை. நம் பக்கத்தில்தான் இருக்கிறார். இந்த வட்டாரத்துக் கிராமங்களில் அரை ஏக்கர் முந்திரிக்கொல்லையை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறார். காண்டிராக்டில் இரவுக் காவலுக்கு வருகிறார். பிள்ளைகளைக் கரையேற்ற ஐம்பது வயதுக்குமேல் லாரி ஓட்டுகிறார். அவர் இறந்துவிட்டிருந்தால், அவருடைய மனைவி ஒரு பழுப்பேறிய புத்தகத்தைத் துணியில் சுற்றி அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருக்கிறார். அது பட்டாளத்து டிஸ்சார்ஜ் புத்தகம். கிழவர் மிச்சம் வைத்துவிட்டுப்போன சொத்து அதுதான்.

சிலர் நம்மைக் கேட்கக்கூடும்: "நீங்கள் சமாதானம் பேசுகிறவர்கள். யுத்தம் கூடாது என்று ஊர்வலம் போகிறவர்கள். பட்டாளத்துக்காரருக்கு நீங்கள் ஏன் கூட்டம் போடுகிறீர்கள்?" இதற்கு நேராகவே பதில் சொல்வோம். யுத்தத்தை மூட்டுகிறவன் வேறு, யுத்தத்தில் சாகிறவன் வேறு. மூட்டியவன் ஒருநாளும் பதுங்குகுழியில் படுத்ததில்லை. படுத்தவன் விவசாயக் கூலியின் மகன், நெசவாளியின் மகன், ஆலைத் தொழிலாளியின் தம்பி. நம்முடைய ரத்தம் அது.

பழைய கதையிலிருந்து தொடங்குவோம். நம்முடைய கிராமங்கள் சிலவற்றில், பழைய சாவடிச் சுவரிலோ தாலுகா கச்சேரியிலோ ஒரு சிறு கல்லைப் பார்க்கலாம். முதல் உலக யுத்தத்துக்குப் பிறகு வெள்ளைக்கார சர்க்கார் பதித்த கல். 1914 முதல் 1919 வரை நடந்த மகா யுத்தத்துக்கு இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று அதில் இருக்கும். எண்ணிக்கை உண்டு, பெயர் இல்லை. கொட்டடியில் மாட்டை எண்ணுவதுபோல் எண்ணினான். செத்தவன் முனியனா, காத்தவராயனா, எவன் மகன், எந்தத் தெரு என்று எழுதக் கல்லில் இடம் இல்லாமல் போயிற்றா? ஜமீன்தாருக்குப் பட்டம் கொடுக்கும்போது பெயரையும் வம்சத்தையும் நீட்டி முழக்க இடம் இருந்ததே!

அதற்கும் முன்னால் ராபர்ட்ஸ் என்றொரு வெள்ளைத் தளபதி இருந்தார். 1881லிருந்து 1885 வரை சென்னைப் படைக்குத் தலைவர். பிறகு இந்தியா முழுவதற்கும் தலைமைத் தளபதி. "போர்க்குணம் உள்ள ஜாதிகள்" வடக்கேதான் இருக்கின்றன, தெற்கத்தியான் சண்டைக்கு லாயக்கில்லை என்பது அவர் கட்டிய சித்தாந்தம். மனுவின் பாடத்தை இங்கிலீஷில் படித்துவிட்டு வந்தவர் போலும்! அந்தச் சித்தாந்தம் வேர்விட்டது. 1920களில் சென்னைக் காலாட்படையை ஒவ்வொரு பட்டாளமாகக் கலைத்து 1928க்குள் மூடிவிட்டார்கள். பள்ளம் தோண்டவும் பாலம் கட்டவும் பாதை போடவும் சென்னை சாப்பர்ஸ் என்ற பொறியியல் படையை மட்டும் விட்டுவைத்தார்கள். தெற்கத்தியான் துப்பாக்கி பிடிக்கக் கூடாது, மண்வெட்டி பிடிக்கலாம்!

இரண்டாம் உலக யுத்தம் வந்தது. ஜப்பானியர் பர்மாவுக்குள் நுழைந்தார்கள். உடனே சித்தாந்தம் காற்றில் பறந்தது. 1941-42ல் சென்னை ரெஜிமெண்டை மறுபடியும் திரட்டினார்கள். முன்னே தள்ளிவைத்த ஜாதிகளுக்கெல்லாம் கதவைத் திறந்தார்கள். யுத்தம் முடிந்த 1945ல் இந்தியப் படையில் இருந்தவர்கள் சுமார் 25 லட்சம் பேர். எல்லோரும் தாமாக முன்வந்து சேர்ந்தவர்கள், கட்டாயமே இல்லை என்று சரித்திரப் புத்தகங்கள் பெருமையாக எழுதுகின்றன. பசி ஒரு கட்டாயம் இல்லையா? பர்மா பிடிபட்டதும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோயிற்று. விலை ஏறிற்று. மிராசுதாரின் களத்தில் நாள் முழுதும் குனிந்தாலும் குழந்தைக்குக் கஞ்சி கிடைக்காது. பட்டாளத்துக்குப் போனால் மூன்று வேளைச் சாப்பாடு, மாதாமாதம் வீட்டுக்கு மணியார்டர். போனான். வடஆப்பிரிக்காவின் மணலுக்கும் பர்மாவின் காட்டுக்கும் இத்தாலியின் பனிமலைக்கும் போனான். பக்கத்தில் நின்ற வெள்ளைச் சிப்பாய்க்குக் கிடைத்த சம்பளத்தில் ஒரு பங்குதான் இவனுக்கு. குண்டு மட்டும் இருவருக்கும் ஒன்றுதான். அந்த யுத்தத்தில் இந்தியப் படையினர் சுமார் 87,000 பேர் மாண்டார்கள்.

அவர்களில் ஒருவரை இங்கே சுரங்கத் தொழிலாளர்களாகிய நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும். சுபேதார் சுப்பிரமணியம். மண்வெட்டிப் படை என்று ஏளனமாக விட்டுவைத்தார்களே, அந்தச் சென்னை சாப்பர்ஸ்தான் அவர் படை. அதன் பழைய முழுப் பெயரே "சாப்பர்ஸ் அண்டு மைனர்ஸ்". மைனர் என்றால் சுரங்கம் வெட்டுகிறவன். 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் மின்யானோ என்ற இடத்தில் இவர்கள் பாதையில் புதைத்துவைத்த கண்ணிவெடிகளை அகற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த வேலை எப்படிப்பட்டது? முன்னால் ஒருவன் கருவியைத் தரைமேல் ஆட்டிக்கொண்டு அடி அடியாக நகர வேண்டும். பின்னால் வருகிறவன் அவன் கால் பதித்த இடத்தில்தான் கால் பதிக்க வேண்டும். அன்று ஒரு கால் வெடியின்மேல் பட்டுவிட்டது. வெடிப்பதற்குச் சில நொடிகள்தான். ஓடித் தப்ப அந்த நொடிகள் போதும், சுப்பிரமணியம் ஓடவில்லை. வெடியின்மேல் விழுந்து தன் உடம்பால் அதை மூடினார். கூட இருந்தவர்கள் பிழைத்தார்கள். ஜார்ஜ் கிராஸ் என்ற உயர்ந்த பதக்கம் அவர் இறந்த பிறகு கிடைத்தது.

மண் சரியும்போது பக்கத்தில் நிற்கும் தோழனை இழுத்துத் தள்ளிவிட்டுத் தான் சிக்கிக்கொள்கிற தொழிலாளி எந்த உணர்ச்சியில் அதைச் செய்கிறானோ, அதே உணர்ச்சி அது. ராஜாவுக்காக அவர் செத்தார் என்று நாம் நினைக்கவில்லை. தன்னோடு நின்றவர்களுக்காகச் செத்தார்.

இந்த நெய்வேலியிலேயே இன்னொன்றைப் பாருங்கள். நம் முதல் சுரங்கத்தில் மண்ணை வாரிய ராட்சத இயந்திரங்கள் மேற்கு ஜெர்மனியிலிருந்து வந்தவை. முதல் அனல் மின்நிலையம் சோவியத் உதவியோடு எழுந்தது; 1962ல் மின்சாரம் தந்தது. அதற்கு 20 வருஷங்களுக்கு முன் இந்த இரண்டு நாடுகளும் ஒன்றையொன்று கொன்றுகொண்டிருந்தன. சோவியத் நாட்டில் மட்டும் இரண்டரைக் கோடிக்கு மேற்பட்ட ஜனங்கள் மாண்டார்கள். சாவு விழாத வீடு அங்கே அபூர்வம். அப்படிப்பட்ட இரு நாட்டு இயந்திரங்களும் இங்கே ஒரே நிலக்கரிக்காக ஓடின. சமாதானம் என்று நாம் சொல்வது இதைத்தான்.

சரி, யுத்தம் முடிந்தது. 25 லட்சம் பேரில் பெரும்பாலோரை என்ன செய்தார்கள்? வீட்டுக்கு அனுப்பினார்கள். சிப்பாய்க்குப் பென்ஷன் வேண்டுமானால் 15 வருஷ சேவை இருக்க வேண்டும். யுத்தத்துக்கென்று 1942ல் சேர்ந்தவனுக்கு 1946ல் நாலு வருஷம்தான். பர்மாவில் மலேரியாவில் கிடந்திருந்தாலும் பென்ஷன் கிடையாது. அவர்களில் எத்தனையோ பேர் திரும்பிவந்து அதே மிராசுதாரின் களத்தில் குனிந்தார்கள். வெகு காலத்துக்குப் பிறகு, பென்ஷன் இல்லாத அந்தக் கிழவர்களுக்கும் விதவைகளுக்கும் மாநில சர்க்கார்கள் மாத உதவித்தொகை கொடுக்கத் தொடங்கின. அதற்குள் பாதிப்பேர் சுடுகாட்டுக்குப் போய்விட்டார்கள்.

தலைநிமிர்ந்தவர்கள் கதி இன்னும் மோசம். 1946 பிப்ரவரி 18 அன்று பம்பாயில் "தல்வார்" கடற்படை நிலையத்தில் மாலுமிகள் கிளர்ந்தார்கள். புழுத்த சோறு, நிறவெறி வசவு, அங்கே ஆரம்பித்தது. 78 கப்பல்கள், சுமார் 20,000 மாலுமிகள் என்று பரவிற்று. இந்தோனேஷிய மக்களைச் சுட இந்தியப் படையை அனுப்பாதே என்பதும் அவர்கள் கோரிக்கை. 22ம் தேதி பம்பாய் ஆலைத் தொழிலாளர்கள் நம் கட்சியின் அறைகூவலை ஏற்று அவர்களுக்காக வேலைநிறுத்தம் செய்தார்கள். துப்பாக்கிப் பிரயோகத்தில் 200க்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். யூனிபாரம் போட்டவனும் தறி ஓட்டியவனும் ஒரே தெருவில் ரத்தம் சிந்திய நாள் அது. முடிவில் 476 மாலுமிகளை வேலையிலிருந்து நீக்கினார்கள். சுதந்திரம் வந்த பிறகும் அவர்களுக்குக் கடற்படையில் இடமில்லை! இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்த சிப்பாய்களுக்கும் அப்படியே. மலேயாத் தோட்டங்களில் ரப்பர்ப் பால் வெட்டிய தமிழ்ப் பெண்கள், கேப்டன் லட்சுமியின் தலைமையில் ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி ஏந்தினார்களே, அவர்களில் நாலைந்து பெயருக்குமேல் நமக்குத் தெரியுமா?

இது பழைய கதை என்று யாரும் தட்டிக்கழிக்க வேண்டாம். ஒரே பதவி, ஒரே சேவைக் காலம், ஆனால் ஓய்வுபெற்ற ஆண்டு வேறு என்பதால் பென்ஷன் வேறு. இந்த அநியாயத்தை எதிர்த்து 2015ல் டில்லி ஜந்தர் மந்தரில் கிழட்டுச் சிப்பாய்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்தார்கள். அந்த வருஷம் செப்டம்பரில்தான் "ஒரே பதவி, ஒரே பென்ஷன்" என்று சர்க்கார் அறிவித்தது. 2019ல் டில்லியில் தேசிய யுத்த நினைவகம் திறந்தார்கள். சுதந்திரத்துக்குப் பின் மாண்ட 25,000க்கு மேற்பட்ட வீரர்களின் பெயர்களைக் கல்லில் பொறித்தார்கள். பெயர் பொறித்தது சரியே. கிராமத்துக் கல்லைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் மூன்றே வருஷம் கழித்து, 2022 ஜூன் 14 அன்று, அதே சர்க்கார் அக்னிபாத் திட்டத்தை அறிவித்தது. நாலு வருஷ வேலை. நூற்றுக்கு 25 பேருக்குமேல் நிரந்தரம் இல்லை. மற்றவர்கள் சுமார் 11.71 லட்சம் ரூபாயோடு வீட்டுக்கு. பென்ஷன் இல்லை, முன்னாள் ராணுவத்தினர் என்ற அந்தஸ்தும் இல்லை. காண்டிராக்ட் முறை என்றால் என்ன என்று நெய்வேலித் தொழிலாளிக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 1942ல் சேர்ந்து 1946ல் வெளியே வந்தவனுக்கும் நாலே வருஷம்தான் என்பதைக் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தத் திட்டத்தைத் திரும்பப் பெற வேண்டும் என்பது நம் கோரிக்கை. அதற்கான போராட்டம் நடக்கட்டும். அதற்கிடையே இங்கேயே, இந்த வாரமே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது.

விதவைகளுக்கு வரவேண்டிய பணம் பெரும்பாலும் சின்னச் சின்னக் காரணத்தால் நின்றுகிடக்கிறது. ரேஷன் கார்டில் தனலட்சுமி, பட்டாளத்துப் பதிவேட்டில் தனம். கல்யாணமான விவரத்தைப் பதிவேட்டில் ஏற்றாமலே புருஷன் போய்விட்டான். சென்னை ரெஜிமெண்டின் பதிவேடு வெல்லிங்டனில். சாப்பர்ஸ் பதிவேடு பெங்களூரில். பென்ஷன் கணக்கு அலகாபாத்தில். இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில் "ஸ்பர்ஷ்" வழியாக. நவம்பர் மாதம் உயிரோடிருப்பதாகச் சான்று கொடுக்காவிட்டால் பென்ஷன் நின்றுவிடும். கையெழுத்துப் போடத் தெரியாத கிழவி எந்த ஊருக்கென்று போவாள்? கடலூரில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. அங்கே போக பஸ் காசும், ஒருநாள் கூலி இழப்பும், கூட வந்து பேச ஒரு ஆளும் வேண்டும். அந்த ஆளாக நம்மில் எழுதப் படிக்கத் தெரிந்த வாலிபத் தோழர்கள் இருக்க வேண்டும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை சங்க அலுவலகத்தில் இரண்டு மேஜை போட்டு உட்காருகிறோம். பட்டாளத்துக்காரர் இருக்கும் வீடு, இருந்து மறைந்த வீடு எல்லாவற்றுக்கும் தகவல் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் புத்தகம், பென்ஷன் உத்தரவு, பாங்கி பாஸ் புத்தகம், ரேஷன் கார்டு ஆகியவற்றைக் கொண்டுவரச் சொல்லுங்கள். மழையில் நனைந்து பக்கங்கள் ஒட்டியிருந்தால் யாரும் பிரிக்க முயல வேண்டாம், கிழிந்துபோகும். சுற்றியிருக்கும் துணியோடு அப்படியே கொண்டுவரட்டும்.