போலிஷ் மொழியும் கிரேக்க மொழியும்



ஒரு மொழியின் சிறப்பைக் கூறப் புகுவோர் அதன் பேரிலக்கியங்களிலிருந்து தொடங்குவது மரபு. போலிஷ் மொழியையும் கிரேக்க மொழியையும் ஒப்பிடுவதற்கோ அவற்றின் முதல் எழுத்துச் சான்றுகளே தக்க தொடக்கமாகும். கிரேக்கத்தின் மிகப் பழைய எழுத்துகள் களிமண் பலகைகளில் உள்ளன. கி.மு. 14ஆம் நூற்றாண்டையும் அதனை ஒட்டிய காலத்தையும் சேர்ந்த அவற்றை 1952இல் மைக்கேல் வென்ட்ரிஸ் படித்தறிந்தார். வெளிப்பட்டவை காவியமும் அல்ல, துதியும் அல்ல. ஆடு, எண்ணெய், தேர்ச்சக்கரம் பற்றிய அரண்மனைக் கணக்குகள். போலிஷ் மொழியின் முதல் வாக்கியம் ஏறத்தாழ 1270இல், ஹென்ரிக்குவ் மடத்தின் இலத்தீன் ஏட்டில் இடையே பதிவாயிற்று. திரிகையில் அரைத்துக்கொண்டிருக்கும் மனைவியை இளைப்பாறச் சொல்லித் தானே அரைக்க முன்வரும் கணவனின் பேச்சு அது. அக்கணவன் போலந்துக்காரனும் அல்லன், செக் இனத்தவன்.

இரண்டும் இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தைச் சேர்ந்தவை. போலிஷ், மேலை ஸ்லாவியக் கிளையில் செக், ஸ்லோவாக் மொழிகளுக்கு உடன்பிறப்பு. கிரேக்கமோ தனிக் கிளை. போலிஷ் இலத்தீன் எழுத்தை ஏற்று, ஒன்பது எழுத்துகளுக்குக் குறியிட்டுத் தன் 32 எழுத்துகளை அமைத்துக்கொண்டது. கிரேக்கம் தன் 24 எழுத்துகளை விடவில்லை. முன்னர் வேறுவேறாக ஒலித்த உயிர்கள் காலப்போக்கில் ஒன்றாகிவிட்டமையால், 'இ' என்னும் ஒரே ஒலியை இன்று ஐந்து வகைக்கு மேலும் எழுத வேண்டியிருக்கிறது. ஒலி மறைந்தும் எழுத்து நிற்கிறது. போலிஷ் ஏழு வேற்றுமைகளைக் காத்து வருகிறது; இன்றைய கிரேக்கத்தில் எஞ்சியவை நான்கு.

வினையில் இவ்விரண்டும் நெருங்கி வருகின்றன. வினைமுற்றே இடத்தைக் காட்டுவதால் எழுவாய் தோன்றாமல் நிற்கலாம். காலத்தோடு செயல் முற்றியதா, தொடர்வதா என்பதையும் இரண்டும் வேறுபடுத்தும். போலிஷில் 'பிசாச்' என்றால் எழுதிக்கொண்டிருத்தல். முன்னொட்டுச் சேர்த்து 'நாபிசாச்' என்றால் எழுதி முடித்தல். கிரேக்கர் 'தா கிராஃபோ' என்றால் எழுதிக்கொண்டிருப்பேன் என்றும், 'தா கிராப்ஸோ' என்றால் எழுதிவிடுவேன் என்றும் பொருள் கொள்வர். ஒன்று சொல்லின் தலையை மாற்றுகிறது. மற்றொன்று அடியை மாற்றுகிறது.

கவிஞர்க்கு இதனினும் முக்கியமானது அழுத்தம். போலிஷ் சொற்களில் அது பெரும்பாலும் ஈற்றயல் அசையில் விழும். ஆதலின் அடிகள் தணிந்து முடிவதே இயல்பு; அசைகளை எண்ணி அமைக்கும் பதின்மூன்றசை அடி, ஏழும் ஆறுமாகப் பிரிந்து, அம்மொழியின் பெருவழக்காயிற்று. கிரேக்கத்தில் இறுதி மூன்று அசைகளுள் எதிலும் அழுத்தம் விழலாம். நாட்டார் பாடல்கள் வளர்த்த பதினைந்தசை அடி, எட்டும் ஏழுமாகப் பிரிந்து நடக்கிறது.

இவ்விரு மொழிகளின் தேசியக் கவிஞர்களும் 1798ஆம் ஆண்டிலேயே பிறந்தனர். இருவரும் தம் மொழிக்குரிய சுதந்திர நாட்டில் வாழ்ந்தவர் அல்லர். ஆதாம் மித்ஸ்கியேவிச் தம் பெருங்காவியமான 'பான் ததேயுஷ்' என்பதனைப் பதின்மூன்றசை அடிகளால் பாடி, 1834இல் பாரிசில் வெளியிட்டார். வார்சா நகரை அவர் ஒருமுறையேனும் கண்டதில்லை. தியோனீசியோஸ் சொலோமோஸ் இத்தாலியில் பயின்று, முதலில் இத்தாலிய மொழியில் பாடியவர். பின்னர் மக்கள் பேசும் கிரேக்கத்திற்குத் திரும்பினார். அவர் வாழ்ந்த அயோனியத் தீவுகள் கிரேக்க நாட்டோடு இணைந்தது 1864இல். அவர் மறைந்ததோ 1857இல்.

இருமொழிகளுக்கும் நேர்ந்த சோதனையை 1901ஆம் ஆண்டு தெளிவாகக் காட்டுகிறது. 1795இல் போலந்து முற்றிலும் பங்கிடப்பட்டு வரைபடத்திலிருந்து மறைந்திருந்தது. பிரஷ்ய ஆட்சிக்குட்பட்ட வ்ஜெஷ்னியா ஊரில், சமய பாடத்தை ஜெர்மன் மொழியில் கற்க மறுத்த பள்ளிச் சிறுவர் 1901 மே மாதத்தில் அடிக்கப்பட்டனர். கண்டித்துக் கூடிய பெற்றோர் பலர் சிறை சென்றனர். அவர்கள் கேட்டது, தாய்மொழியில் இறைவனைத் தொழும் உரிமை.

அதே ஆண்டு நவம்பரில் ஏதென்ஸ் நகரத் தெருக்களிலும் மொழிக்காக இரத்தம் சிந்தியது. அலெக்சாந்ரோஸ் பாலிஸ் நற்செய்தி நூலைப் பேச்சுக் கிரேக்கத்தில் பெயர்க்க, 'அக்ரோபொலிஸ்' நாளிதழ் அதனை வெளியிட்டது. மாணவர் கொதித்தெழுந்தனர்; எட்டுப் பேர் உயிரிழந்தனர்; அமைச்சரவை விலகியது. அம்மாணவர் மொழிப்பகைவர் அல்லர். பழைய நடையைக் கைவிட்டால் முன்னோரோடுள்ள தொடர்பு அறுந்துவிடும் என அஞ்சினர். 'தூயது' எனப் பொருள்படும் கதரேவுசா நடையே அரசு, நீதிமன்றம், உயர்கல்வி ஆகியவற்றின் மொழியாக இருந்தது. போலிஷுக்கு வந்த இடர் அயலார் தந்தது. கிரேக்கத்திற்கு வந்தது அதனை நேசித்தவர் தந்தது. முன்னதை எதிர்க்க வீடே கோட்டையாயிற்று. பின்னதிலோ வீட்டுப் பேச்சே குற்றவாளிக் கூண்டில் நின்றது.

1918இல் போலந்து மீண்டும் எழுந்தபோது மொழி சிதையாமல் காத்திருந்தது. கிரேக்கத்தின் வழக்கு நீண்டது. இராணுவ ஆட்சி 1974இல் வீழ்ந்த பின்னர், 1976இல்தான் மக்கள் மொழி கல்வியின் மொழியெனச் சட்டம் வந்தது. ஆனால் கவிஞர்கள் அதற்கு நெடுங்காலம் முன்னரே தீர்ப்பளித்துவிட்டனர். 1963இல் நோபெல் பரிசு பெற்ற செஃபெரிஸ் அம்மொழியில் பாடியவரே. அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த கவாஃபியோ பேச்சுநடையினூடே கதரேவுசாச் சொற்களையும் தயங்காமல் வைத்தார். பழஞ்சொல் தீங்கன்று, அதனை மட்டுமே பேசு என்னும் ஆணையே தீங்கு.

உள்நாட்டுப் போர் 1949இல் முடிந்தபோது கிரேக்க ஏதிலியர் பல்லாயிரவர் போலந்தில் தஞ்சம் புகுந்தனர். அவ்வாறு சிறுவனாகச் சென்ற நிக்கோஸ் ஹாஜிநிக்கொலாவு, போஸ்னான் நகரில் வாழ்ந்து, போலிஷ் கவிஞராகி, கிரேக்கக் கவிதைகளை அம்மொழிக்குப் பெயர்த்தளித்தார், 2009இல் மறைந்தார். தாய்மொழியை இழக்காமலே அவர் மற்றொரு மொழிக்கும் மகனானார். போலிஷின் முதல் வாக்கியத்தைப் பேசியவனும் வந்தேறிய ஒருவனே என்பதை இங்கே நினைவுகூரலாம்.