சொற்ப வருமானமும் வரிக் கணக்கும்

(பஞ்சாயத்து அங்கத்தினர் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஆற்றிய உரை)



சொற்ப வருமானம் உடையவரும் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டுமா என்று ஊர்தோறும் நம்மிடம் கேட்கின்றனர். வரி கட்டுவது வேறு. கணக்கு தாக்கல் செய்வது வேறு. இதனை முதலில் மனத்திற் கொள்ள வேண்டுகிறோம்.

நெல், கரும்பு, வாழை முதலிய விளைச்சலால் வரும் வருமானத்திற்கு மத்திய அரசின் வருமான வரி கிடையாது. ஆனால் பால் விற்ற பணம், கோழிப் பண்ணை லாபம், டிராக்டர் வாடகை, வங்கி வட்டி ஆகியவை விவசாய வருமானம் ஆகமாட்டா.

இத்தகைய பிற வருமானம் 2025-26ஆம் நிதியாண்டில், புதிய வரி முறையின்படி, ரூ. 4 லட்சத்திற்கு மேற்படாவிடில் கணக்கு தாக்கல் செய்யும் கடமை பொதுவாக இல்லை. ரூ. 12 லட்சம் வரை வரி இல்லையே என்பீர்கள். அது தள்ளுபடியால் கிடைக்கும் சலுகை. 4 லட்சத்தைத் தாண்டியவர், வரி கட்டாவிடினும், கணக்கு தாக்கல் செய்தே தீரவேண்டும்.

வருமானம் குறைவாயினும், ஓராண்டில் மின் கட்டணமாக ரூ. 1 லட்சத்திற்கு மேலோ, வெளிநாட்டுப் பயணத்திற்கு ரூ. 2 லட்சத்திற்கு மேலோ செலவிட்டவர்க்கும் இக்கடமை உண்டு. ரூ. 25,000 அல்லது அதற்கு மேல் வரி பிடிக்கப்பட்டவர்க்கும் உண்டு. 60 வயது நிறைந்தோர்க்கு இவ்வரம்பு ரூ. 50,000.

கடமை இல்லாதவர்க்கும் கணக்கினால் நன்மை விளைவதுண்டு. கணவரை இழந்த 50 வயதுத் தாயார் ஒருவர்க்கு வங்கி வைப்பு நிதியிலிருந்து ஆண்டுக்கு ரூ. 60,000 வட்டி வருவதாகக் கொள்வோம். வேறு வருமானம் இல்லை. வங்கி 100க்கு 10 வீதம் ரூ. 6,000 பிடித்துவிடும், பான் எண் கொடுக்காவிடில் இருமடங்கு பிடிக்கும். அவர் செலுத்தவேண்டிய வரியோ ஒன்றுமில்லை. எனினும் கணக்கு தாக்கல் செய்தாலன்றி அப்பணம் திரும்ப வாராது. ஆண்டுத் தொடக்கத்திலேயே பான் எண்ணுடன், வரி பிடிக்க வேண்டாம் என்னும் உறுதிமொழிப் படிவத்தை வங்கியில் கொடுத்திருப்பின் இத்தொல்லையே இராது. சிறு ஒப்பந்த வேலை செய்து, கூலிப் பட்டியலில் வரி பிடிக்கப்பட்டோரும் இவ்வாறே கணக்கு தாக்கல் செய்து பணத்தைத் திரும்பப் பெறலாம்.

வருமான வரித் துறையின் இணையதளத்தில் கணக்கு தாக்கல் செய்யக் கட்டணம் இல்லை. திரும்ப வரும் தொகை நேரே வங்கிக் கணக்கில் சேரும். பங்கு கேட்கும் இடைத்தரகரிடம் ஏமாற வேண்டாம். கைப்பேசிக்கு வரும் ரகசிய எண்ணை எவரிடமும் சொல்ல வேண்டாம்.

பஞ்சாயத்து அங்கத்தினர்களே! உங்கள் வார்டில் வரி பிடிக்கப்பட்ட ஏழைகள் எவர் என்று விசாரித்து, அவர்க்கு வழி காட்டுங்கள். ரூ. 6,000 என்பது ஒரு குடும்பத்தின் பல நாள் உணவு. அது உரியவர் கைக்குச் சேர்வதும் கிராம முன்னேற்றமே ஆகும்.