எல்லாப் பிள்ளைக்கும் வகுப்பில் இடம்



நீங்கள் கைநாட்டு வைத்த காலம் நினைவு இருக்கிறதா? பஸ் எந்த ஊருக்குப் போகிறது என்று அடுத்தவரைக் கேட்ட காலம் அது. படிக்காத வேதனை உங்களுக்குத் தெரியும். அதே வேதனை இன்றும் சில பிள்ளைகளுக்கு இருக்கிறது.

ஒரு சிறுமியை நினைத்துப் பாருங்கள். வயது 8. கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். ஆசிரியர் ஒன்று சொன்னால் வேறொன்றை எழுதுவாள். "மந்தமான பிள்ளை" என்றார்கள். கடைசி வரிசையில் உட்கார வைத்தார்கள். ஒரு நாள் பள்ளியை விட்டு நின்றுவிட்டாள். இப்போது ஆடு மேய்க்கிறாள்.

அவள் மந்தமா? இல்லை. அவளுக்குக் காது சரியாகக் கேட்கவில்லை.

அவளுக்கு என்ன வேண்டும்? மருத்துவர் காதைச் சோதிக்க வேண்டும். தேவையானால் காதுக்குக் கருவி பொருத்த வேண்டும். வகுப்பில் முன் வரிசையில் இடம் வேண்டும். ஆசிரியர் அவள் முகம் பார்த்துப் பேச வேண்டும். கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு பேசினால், உதட்டின் அசைவு அவளுக்குத் தெரியாது.

பிள்ளைக்குப் பிள்ளை தேவை வேறு. நடக்க முடியாத பிள்ளைக்குச் சாய்தளம் வேண்டும். ஏற்ற கழிப்பறையும் வேண்டும். பார்வை இல்லாத பிள்ளை பிரெய்ல் எழுத்தை விரலால் தடவிப் படிக்கும். 6 புள்ளிகளைக் கொண்டு அமைத்த எழுத்து அது. மெதுவாகக் கற்கும் பிள்ளைக்குப் பாடத்தைச் சிறிது சிறிதாகச் சொல்ல வேண்டும். ஆசிரியர் ஒருவரே எல்லாம் செய்ய முடியாது. சிறப்புப் பயிற்சி பெற்ற ஆசிரியர் வந்து உதவ வேண்டும்.

"மற்ற பிள்ளைகளின் படிப்பு கெடாதா?" என்று சிலர் கேட்பார்கள். ஆசிரியர் முகம் பார்த்துத் தெளிவாகச் சொன்னால் யாருக்கு லாபம்? எல்லாப் பிள்ளைக்கும்தான்!

இது யாரும் போடும் பிச்சை அல்ல. இது உரிமை. மாற்றுத்திறனாளிகளுக்காக 1995-இல் ஒரு சட்டம் வந்தது. 2016-இல் அதைவிட விரிவான சட்டம் வந்தது. அது 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. அரசுப் பள்ளியும், உதவி பெறும் பள்ளியும், அங்கீகாரம் பெற்ற பள்ளியும் வேறுபாடு காட்டாமல் சேர்க்க வேண்டும். 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உண்டு. பக்கத்துப் பள்ளியிலும் படிக்கலாம். சிறப்புப் பள்ளியிலும் படிக்கலாம். அது பிள்ளையின் விருப்பம்.

அந்தச் சிறுமி உங்கள் தெருவிலும் இருக்கலாம். அவள் பெற்றோரிடம் பேசுங்கள். தலைமை ஆசிரியரிடம் அழைத்துப் போங்கள். "இடம் இல்லை" என்று சொன்னால் திரும்பி வராதீர்கள். காரணத்தை எழுதிக் கேளுங்கள். கல்வி அலுவலருக்கு மனுக் கொடுங்கள்.

இப்போது உங்களுக்கு எழுதத் தெரியும். உங்கள் முதல் மனு அந்தப் பிள்ளைக்காக இருக்கட்டும். அதன் அடியில் கைநாட்டு வேண்டாம். கையெழுத்துப் போடுங்கள்!