பள்ளிக்கூட வாசலில் நிற்பவர்களுக்கு
(தாராவியில் நம் சங்கம் கூட்டிய பெற்றோர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



வாரத்தில் கிடைப்பது ஒரே ஒரு ஞாயிறு. நாளைய இட்லிக்கு மாவு ஆட்ட வேண்டிய தாய்மார்கள் அதை அப்படியே போட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். ஷிப்ட் முடிந்து சயான் ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் வந்த தோழர்களும் பின்னால் நிற்கிறார்கள். ஆகவே நீட்டி முழக்கப் போவதில்லை.

நம் பிள்ளைகள் படிக்கிற கத்தோலிக்கத் தொடக்கப் பள்ளி தீபாவளி விடுமுறை முடிந்து திறந்துவிட்டது. இனி மார்ச் வரை அங்கே வேலை நிறைய. டிசம்பரில் கிறிஸ்துமஸ் விழா. ஜனவரி 3 சாவித்திரிபாய் பூலே பிறந்த நாள். ஜனவரி நடுவில் பொங்கலும் மகர சங்கராந்தியும் சேர்ந்து வருகின்றன. 26 குடியரசு நாள். அதையடுத்து விளையாட்டு விழா. பிப்ரவரி 27 மராத்தி மொழி நாள். இவற்றுக்கு நடுவே மேடையும் மாலையும் இல்லாமல் இரண்டு காரியங்கள் நடக்கும். ஒன்று அடுத்த ஆண்டுக்கான அட்மிஷன். மற்றொன்று அடுத்த ஆண்டுக்கான கட்டணம். விழா என்றால் கடன் வாங்கியாவது புதுச் சட்டை எடுத்துக் கொடுத்துப் பிள்ளையை அனுப்புகிறோம். இந்த இரண்டு காரியங்களில்தான் நாம் வாய் திறப்பதில்லை.

"சர்ச் பள்ளிக்கூட விஷயத்தில் நம் சங்கத்துக்கு என்ன வேலை?" என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்விதான். இந்தக் கூட்டத்தில் ஞாயிறு காலை பூசைக்குப் போய்வந்தவர்கள் இருக்கிறார்கள். ஆடி மாதம் கூழ் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். தொழுகைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஒன்றுக்கும் போகாதவர்களும் நம்மில் உண்டு. ஆனால் காலை ஏழு மணிக்கு அந்தப் பள்ளியின் இரும்புக் கேட் வாசலில் எல்லோரும் ஒன்றாகத்தான் நிற்கிறோம். பிள்ளை உள்ளே போகும், நாம் வெளியே நிற்போம். ரயில்வேக்காரர் பாஷையில் சொன்னால் நம் கையில் இருப்பது பிளாட்பாரம் டிக்கெட். வழியனுப்பலாம், வண்டியில் ஏற முடியாது. ஆனால் பீஸ் கட்டுகிற கவுண்டரில் மட்டும் நம்மிடம் முழு டிக்கெட் காசு வாங்குகிறார்கள்!

முதலில் அந்தக் காசு விஷயம். நம் பகுதிப் பள்ளி அரசு உதவி பெறாத பள்ளி. இங்கே 25 சதவீத இலவச இடம் கிடைக்குமா என்று மாதம் நாலு பேராவது சங்கத்துக்கு வந்து கேட்கிறார்கள். கிடைக்காது. 2009 ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று 2014 இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தீர்ப்புச் சொல்லிவிட்டது. 2025 செப்டம்பரில் இரண்டு நீதிபதிகள் அந்தத் தீர்ப்பு சரிதானா என்று ஐயம் எழுப்பி, பெரிய அமர்வு பார்க்கட்டும் என்று தலைமை நீதிபதிக்கு அனுப்பினார்கள். அதை நம்பி யாரும் இந்த ஆண்டு அட்மிஷனுக்குக் கணக்குப் போட வேண்டாம். இலவச இடம் வாங்கித் தருகிறேன் என்று எவராவது காசு கேட்டால் அவரை நேரே சங்கத்துக்கு அழைத்து வாருங்கள், நாம் பேசிக்கொள்கிறோம்.

ஆனால் நமக்குப் பொருந்துகிற சட்டம் ஒன்று உண்டு. மகாராஷ்டிரத்தின் 2011 ஆம் ஆண்டுக் கல்விக் கட்டணச் சட்டம். பள்ளிக்கூடம் திறந்த முப்பது நாளுக்குள் பெற்றோர் ஆசிரியர் சங்கம் அமைக்க வேண்டும் என்கிறது அது. அதன் செயற்குழுவில் ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு பெற்றோர் இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். விருப்பம் தெரிவித்த பெற்றோரிலிருந்து சீட்டுக் குலுக்கித்தான் எடுக்க வேண்டும். நிர்வாகம் தனக்கு வேண்டியவர்களைப் பொறுக்கி எடுக்க இடமில்லை. அடுத்த ஆண்டுக் கட்டணம் எவ்வளவு என்பதை ஆறு மாதம் முன்னதாக நிர்வாகம் இந்தக் குழுவின் முன் வைத்தாக வேண்டும். ஜூனில் பள்ளி திறக்கிறது என்றால் ஆறு மாதம் முன் என்பது எது? இதோ வருகிற டிசம்பர். குழு ஒத்துக்கொண்ட கட்டணம் இரண்டு ஆண்டுக்குச் செல்லும்.

சீட்டுக் குலுக்கலில் கோட்டும் சூட்டும் பார்ப்பதில்லை. இங்கிலீஷ் தெரியுமா என்று கேட்பதில்லை. பாத்திரம் தேய்க்கிற தாயின் பெயரும் பாங்கி மேனேஜர் பெயரும் ஒரே டப்பாவுக்குள்தான் கிடக்கும். ஆனால் டப்பாவில் போட்டால்தானே சீட்டு வரும்? சென்ற ஜூலையில் நம் தமிழ்க் குடும்பங்களிலிருந்து பெயர் கொடுத்தவர்கள் இரண்டே பேர். இரண்டும் வரவில்லை. ஏன் கொடுக்கவில்லை என்று வீடு வீடாகக் கேட்டோம். "நமக்கு அங்கே பேசத் தெரியாது" என்றார்கள் சிலர். "கூட்டம் புதன்கிழமை காலை பத்து மணிக்கு, போனால் ஒரு நாள் கூலி போச்சு" என்றார்கள் பலர். இரண்டாவது காரணம் சத்தியமான காரணம். அதற்காகத்தான் கையெழுத்து வாங்கிப் பள்ளித் தலைமைச் சிஸ்டரிடம் போனோம். அவர் மூஞ்சியைக் காட்டவில்லை. உட்காரச் சொன்னார். கேட்டார். "இத்தனை வருஷத்தில் நேரத்தை மாற்றச் சொல்லி யாரும் வரவில்லையே" என்றார். இனிப் பெற்றோர் கூட்டங்கள் சனிக்கிழமை மாலையில் நடக்கும். ஒரு தாளில் நாற்பது கையெழுத்து, அவ்வளவுதான் செலவு.

இந்த ஆண்டுக் குழுவில் நம்மவர் இல்லையே, என்ன செய்வது என்றால், குழு உறுப்பினர் பட்டியல் அறிவிப்புப் பலகையில் இருக்க வேண்டும். நம் பிள்ளையின் வகுப்புக்கு யார் பெற்றோர் பிரதிநிதி என்று பார்த்து, டிசம்பருக்குள் அவரைப் பார்த்துப் பேசுங்கள். அவர் மராத்திக்காரராக இருக்கலாம், கோவாக்காரராக இருக்கலாம், மங்களூர்க்காரராக இருக்கலாம். பீஸ் ஏறினால் அவருக்கும்தான் ஏறும்.

இனி அட்மிஷன். இங்கே கொஞ்சம் நிறுத்திப் பேச வேண்டும். பீஸ் இரண்டு வருஷத்தில் மாறும். பள்ளி ரிஜிஸ்தரில் ஏறிய பெயர் சாகும்வரை மாறாது.

பாரத்தைக் கொடுத்ததும் கிளார்க் கேட்கிற முதல் கேள்வி, "ஆட்நாவ் காய்?" குடும்பப் பெயர் என்ன? நமக்கேது ஆட்நாவ்? அப்பா பெயரின் முதல் எழுத்தைப் போட்டு வாழ்ந்த ஜனங்கள் நாம். திகைத்து நிற்போம். வரிசை பின்னால் நெருக்கும். கிளார்க் தனக்குத் தோன்றியதை எழுதுவார், அல்லது நாம் வாய்க்கு வந்ததைச் சொல்வோம். முருகன் என்பவரின் பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூத்தவன் செல்வம் முருகன். இளையவனை மாமா கூட்டிப்போய்ச் சேர்த்ததால் அவன் பெயருக்குப் பின்னால் ஒரு சாதிப் பெயர். கடைசிப் பெண் எம். லட்சுமி. ஒரு வயிற்றுப் பிள்ளைகள், ரிஜிஸ்தரில் மூன்று குடும்பம்!

இதன் விளைவை ரயில்வே ஆபீஸ் மேஜையில் உட்கார்ந்துகொண்டு வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அப்பாவின் சர்வீஸ் புத்தகத்தில் ஒரு பெயர், பிள்ளையின் எல்.சி.யில் ஒரு பெயர், ஆதாரில் மூன்றாவது பெயர். பாஸ் எழுதும்போது இடிக்கும். அப்பா கண்ணை மூடிவிட்டால் பென்ஷன், பி.எஃப்., வாரிசு வேலை எல்லாவற்றிலும் இடிக்கும். அழுத கண்ணோடு ஒரு தாய் அஃபிடவிட்டுக்கும் கெஜட்டுக்கும் அலைவதைப் பார்த்தால் வயிறு எரியும்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. 1929 இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெயருக்குப் பின்னால் வருகிற சாதிப் பட்டத்தை விட்டொழிக்கத் தீர்மானம் போட்டது. தமிழ்நாட்டுத் தெருக்களில் அந்த வால் பெரும்பாலும் உதிர்ந்தும் போயிற்று. ஊரில் நம் தாத்தாக்கள் அறுத்தெறிந்த வாலைப் பம்பாய்க்கு வந்து ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் முதுகில் நாமே ஒட்டி அனுப்புகிறோம். ஒட்டிக்கொள்ளப் பெருமையான வால் இல்லாத வீட்டுப் பிள்ளையை அந்த வெற்றிடமே காட்டிக்கொடுக்கிறது. ஆறு வயதுக் குழந்தையிடம் "உன் ஆட்நாவ் என்ன?" என்று பக்கத்து பெஞ்சுப் பிள்ளை கேட்கும்போது, அது வெறும் பெயர் கேட்கிற கேள்வி அல்ல என்பது நம்மில் சிலருக்கு நன்றாகத் தெரியும். கோயில் மாறியதால் அந்தக் கேள்வி நின்றுவிடவில்லை என்பதை நம் கத்தோலிக்கச் சகோதரர்களே சொல்வார்கள்.

அதனால் சங்கத்தின் யோசனை இது. தாத்தாவின் பெயரையோ தந்தையின் பெயரையோ குடும்பப் பெயர்க் கட்டத்தில் எழுதுங்கள். எல்லாப் பிள்ளைக்கும் ஒன்றே எழுதுங்கள். பிறப்புச் சான்றிதழில் என்ன எழுத்தோ அதே எழுத்து பாரத்திலும் இருக்கட்டும். தாயின் பெயரைச் சேர்க்கத் தயங்க வேண்டாம். 2024 மே 1 முதல் பிறக்கும் குழந்தைகளுக்கு அரசு ஆவணங்களில் தாயின் பெயரும் கட்டாயம் என்று மகாராஷ்டிர அரசே முடிவெடுத்திருக்கிறது. அட்மிஷனுக்கு டொனேஷன் என்று யாராவது கேட்டால், அதைத் தடுக்க இந்த மாநிலத்தில் 1987 இலேயே சட்டம் வந்துவிட்டது என்பதை நினைவில் வைத்து, ரசீது கேளுங்கள். ரசீது என்ற சொல்லைக் கேட்டதும் பாதி டொனேஷன் பறந்துவிடும்.

அடுத்து, மதம். நம் இந்துக் குடும்பத்துத் தாய் ஒருவர், பிள்ளையை ஜெபம் சொல்லச் சொல்கிறார்களே என்று கவலைப்பட்டார். வேறு சிலர் இதை ஊதிப் பெரிதாக்கக் காத்திருக்கிறார்கள், அவர்கள் கையில் போய் விழ வேண்டாம். அரசியல் சட்டத்தின் 28 ஆவது பிரிவு தெளிவாக இருக்கிறது. அரசு அங்கீகாரம் பெற்ற எந்தப் பள்ளியிலும், பெற்றோர் சம்மதமில்லாமல் பிள்ளையை மத போதனையில் உட்கார வைக்க முடியாது. கத்தோலிக்கப் பிள்ளைகள் ஞானோபதேச வகுப்புக்குப் போகும்போது மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பு என்பது இந்த ஊர்ப் பள்ளிகளில் பழைய வழக்கம். எல்லா மதத்தையும் மதிக்க வேண்டும், மற்ற மதப் பிள்ளைகள் மீது நம் வழக்கத்தைத் திணிக்கக் கூடாது என்று 2024 இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே தன் பள்ளிகளுக்கு வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. குறை இருந்தால் டைரியில் நாலு வரி எழுதி அனுப்புங்கள், போதும்.

இனித் தமிழ். இந்த மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது, அதில் தமிழும் ஒன்று. அங்கே பிள்ளைகளை விட்டவர்கள் இங்கே இங்கிலீஷ் பள்ளிக்கு மாற்றியதற்காக யாரையும் ஏசப் போவதில்லை. அது வேறொரு நாள் பேச வேண்டிய பெரிய விஷயம். மராத்தியையும் நம் பிள்ளை நன்றாகப் படிக்கட்டும், சோறு போடுகிற மண்ணின் மொழி அது. ஆனால் ஊரிலிருந்து பாட்டி போட்ட கடிதத்தைப் படிக்கத் தெரியாத பேத்தி நம் வீடுகளில் பெருகிவிட்டாள்.

ஆகவே சனிக்கிழமை மாலை ஒரு மணி நேரம், ஒரே ஒரு வகுப்பறை, தமிழ் வகுப்புக்கு வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். இது புதுமையான கோரிக்கை அல்ல. இந்திய மொழிகளிலேயே தன் சொந்த எழுத்தில் முதலில் அச்சேறியது தமிழ். கொல்லத்தில் 1578 இல் அச்சான 'தம்பிரான் வணக்கம்' அது. அச்சிட்டவர் என்றிக்கே என்றிக்கசு என்ற சேசு சபைப் பாதிரியார். ஏட்டுச் சுவடியின் எகர ஒகரக் குழப்பத்தைத் தீர்த்த வீரமாமுனிவரும் அதே சபைதான். 1960களில் வத்திக்கான் சங்கம் பூசையையே லத்தீனிலிருந்து தாய்மொழிக்கு இறக்கிக்கொண்டது. பூசைக்குப் பொருந்தும் தாய்மொழி, பள்ளிக்கூடத்தில் சனிக்கிழமை ஒரு மணி நேரத்துக்குப் பொருந்தாதா? இதைத்தான் பணிவோடு கேட்டோம். பங்குச் சாமியாரைக் கலந்துகொண்டு சொல்வதாகச் சிஸ்டர் சொல்லியிருக்கிறார். பாடம் நடத்த நம் சங்கத்தில் மூன்று பெண்கள் பெயர் கொடுத்திருக்கிறார்கள். தமிழ்நாடு அரசின் தமிழ் இணையக் கல்விக்கழகத்தில் வெளியூர்ப் பிள்ளைகளுக்கென்றே பாடங்கள் இருக்கின்றன. சாக்பீஸ் நம் செலவு.

பொங்கல் விழாவுக்கு அனுமதி கிடைத்துவிட்டது. சென்ற ஆண்டு கலை விழாவில் நம் பிள்ளைகளுக்கு லுங்கியும் கறுப்புக் கண்ணாடியும் மாட்டி ஆடவிட்டு, தமிழ்நாடு என்று அட்டை பிடித்தார்கள். கூட்டம் கைதட்டியது. பக்கத்தில் இருந்த நம் தாய்மார்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். டீச்சரைக் குறை சொல்லிப் பயனில்லை, தமிழ்நாடு என்றால் அவர் சினிமாவில் கண்டது அதுதான். இந்த முறை இருபது நிமிஷம் நம் கையில். கும்மி ஒன்று, சிலம்பம் ஒன்று. பொங்கல் என்றால் என்ன என்று நாலாம் வகுப்புப் பெண் ஒருத்தி மராத்தியில் சொல்வாள். அன்று மராத்தி வீட்டுப் பிள்ளைகள் எள்ளுருண்டை கொண்டுவருவார்கள், நாம் சர்க்கரைப் பொங்கல் கொடுப்போம். சர்ச் பள்ளியில் பொங்கலா என்று முணுமுணுக்கிறவர்களுக்கு ஒரு சொல்: செப்டம்பர் 8 மாதா பிறந்த நாளில் மங்களூர்க் கத்தோலிக்கர்கள் புதுக்கதிரைக் கோயிலுக்குக் கொண்டுபோய் மந்திரித்து, வீட்டில் எல்லோருக்கும் பங்கு வைக்கிறார்கள். அதுவும் அறுவடைதானே?

ஜனவரி 3 அன்று நம் பெண் பிள்ளைகளை லீவு போட வைக்காதீர்கள். 1848 இல் புனாவில் பெண்களுக்குப் பள்ளி நடத்தப் போன சாவித்திரிபாயின் மேல் சாணி எறிந்தார்கள், அவர் மாற்றுப் புடவை எடுத்துக்கொண்டு போய்ப் பாடம் நடத்தினார் என்று இந்த ஊர்க்காரர்கள் சொல்வார்கள். அன்று பேச மூன்று பெண் பிள்ளைகளுக்கு இடம் கேட்டு வாங்கியிருக்கிறோம். இரண்டு பெயர் வந்துவிட்டது, இன்னும் ஒன்று வேண்டும்.

அட்மிஷன் பாரம் நிரப்ப, வருகிற இரண்டு ஞாயிறும் மாலை ஐந்திலிருந்து எட்டுவரை சங்க அலுவலகம் திறந்திருக்கும். பிறப்புச் சான்றிதழ், ஆதார், ரேஷன் கார்டு, மூத்த பிள்ளை படிக்கிறது என்றால் அதன் ரிசல்ட் கார்டு, எல்லாவற்றிலும் அசலும் ஒரு ஜெராக்ஸும் கொண்டுவாருங்கள். பாரத்தைப் பேனாவால் நிரப்பிவிட்டு வராதீர்கள், வெறும் பாரமாகக் கொண்டுவாருங்கள். அடுத்த ஜூலைச் சீட்டுக்குப் பெயர் கொடுக்க விரும்பும் தாய்மார்களுக்கு இந்த நோட்டு இப்போதே சுற்றி வருகிறது. கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் பெயரைச் சொன்னால் பக்கத்தில் இருக்கிற தங்கை எழுதிக்கொள்வார்.